சுவிஸ் மலைக் கிராமங்கள் வழியே குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம்: முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தில் கார் எடுத்துச் சுற்றப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். போய்வந்தவர்களில் பாதிப் பேர், “அங்கே எதற்குக் கார்? ரயிலே போதுமே” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வெங்கன், மூரன், செர்மாட், பெட்மெரால்ப் என்று நாம் படத்தில் பார்த்து ஏங்குகிற கிராமங்களில் பல, வெளியூர்க் கார் நுழையவே முடியாதவை.

ஆனாலும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி, நான்கு பெட்டி, கூடவே அரிசியும் பருப்பும் என்று கிளம்புகிற குடும்பத்துக்குக் கார் பெரிய வசதி. ரயில் நிற்காத கணவாய்களில் நிற்கலாம், பிள்ளை தூங்கினால் தூங்கவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனைதான்: ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகக் கார், மலை ஏறுவதற்குப் பல்சக்கர ரயிலும் கேபிள் காரும். தங்கும் வீட்டை இரண்டுக்கு மேல் மாற்றாதீர்கள். பத்து நாளில் ஜெனீவா, சூரிச், லுகானோ, செயின்ட் மோரிட்ஸ் எல்லாம் பார்த்துவிடலாம் என்று யாராவது அட்டவணை கொடுத்தால் நன்றி சொல்லி மடித்து வைத்துவிடுங்கள்.

நான் சொல்லும் வழி இது. சூரிச்சில் இறங்கி, புரூனிக் கணவாய் தாண்டி, பிரியன்ஸ் ஏரிப் பக்கம் ஐந்து இரவு. பிறகு கிரிம்சல் கணவாய் வழியாக வாலே மாநிலத்தின் கோம்ஸ் பள்ளத்தாக்குக்குப் போய் நான்கு இரவு. திரும்பும்போது காரையே ரயிலில் ஏற்றி மலையைக் குடைந்து காண்டர்ஸ்டெக், பெர்ன், சூரிச்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் தவறினால் பயணமே வேறாகிவிடும்.

2,000 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்ச் சாலைகளில் பெரும்பாலானவை பனியால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஃபுர்கா, கிரிம்சல், சூஸ்டன் மூன்றும் பொதுவாக ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடப்படும். எந்தத் தேதியில் என்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையோ ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க ஓடுகிறது. நம்மூர் வெயிலுக்கு அஞ்சி மே மாதம் அங்கே போனால் இந்த மூன்று கணவாய்களும் மூடியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு அந்தப் பருவத்தில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள்.

மே மாதம்தான் முடியும் என்றால் திட்டத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். பனி உருகுவதால் அருவிகள் பொங்கும் காலம் அது. லவுட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கை அப்போது பார்ப்பதே ஒரு சுகம். 1,008 மீட்டர் உயரமுள்ள புரூனிக் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கிரிம்சலுக்குப் பதில் போகும்போதும் வரும்போதும் கார் ரயிலைப் பயன்படுத்துங்கள். மூன்று கணவாய்ச் சுற்றை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஜூலை, ஆகஸ்டில் எல்லாமே திறந்திருக்கும். கூட்டமும் விலையும் உச்சியில் இருக்கும். வளைகுடாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிளம்புகிறவர்களுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான் வாய்க்கும். ஆகஸ்ட் 1 அவர்களுடைய தேசிய நாள், மலைகளில் சொக்கப்பனை போலத் தீ மூட்டுவார்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர். கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகளை, தலையில் பூ வைத்து, கழுத்தில் பெரிய மணி கட்டி, ஊர்வலமாகக் கீழே ஓட்டி வருவார்கள். நம் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருவதால், இன்னும் நாலைந்து நாள் பள்ளியில் கேட்டு வாங்க முடிந்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

இரண்டாம் படி: விசாவும் ஓட்டுநர் உரிமமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் நேரம் கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் முந்திக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வயதான பெற்றோரை அழைத்துப்போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்பதற்கும் அந்தக் காப்பீடு பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அங்கே நாணயம் ஃபிராங்க்.

உங்கள் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது, ஓராண்டு செல்லும். காவலர் கேட்கிறாரோ இல்லையோ, வாடகைக் கார் கவுன்டரில் கேட்க வாய்ப்பு அதிகம். அது மட்டும் போதாது, அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கார்

ஆட்டோமேட்டிக் என்று தெளிவாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். கியர் வேறு வலக்கைக்கு வரும். கொண்டை ஊசி வளைவில் இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஐந்து பேர் வரை என்றால் பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வேகன் போதும். பெரிய ஏழு இருக்கை வண்டி, கிராமத்துச் சந்துகளிலும் பார்க்கிங் கட்டடங்களிலும் உயிரை வாங்கும்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை: முன்பணத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமா, இரண்டாவது ஓட்டுநருக்கு எவ்வளவு, காப்பீட்டில் கண்ணாடியும் டயரும் சேருமா. 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்கு உரிய இருக்கை கட்டாயம். “மடியில் வைத்துக்கொள்கிறேன்” என்பது அங்கே நடக்காது.

மோட்டார்வேயில் போக விக்னெட் என்ற ஆண்டு வில்லை வேண்டும். விலை 40 ஃபிராங்க். ஒரு வாரத்துக்கு மட்டும், பத்து நாளைக்கு மட்டும் என்றெல்லாம் கிடையாது. சுவிட்சர்லாந்திலேயே எடுக்கும் வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும். செலவு குறையும் என்று ஜெர்மனியிலோ பிரான்சிலோ கார் எடுத்தால் நீங்கள்தான் வாங்க வேண்டும். 2023 முதல் வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்திலும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், அதன்மேல் விக்னெட் விலை.

நான்காம் படி: வீடும் அடுப்பும்

ஹோட்டலைவிட, சமையலறையோடு கூடிய விடுமுறை வீடுதான் குடும்பத்துக்குச் சரி. ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் அங்கே விலை எங்கே போய் நிற்கும் என்பது முதல் நாளே புரிந்துவிடும். கோடையில் பல வீடுகளைச் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் விடுவார்கள். அதற்கேற்பத் தேதி போடுங்கள். விளம்பரத்தில் போட்ட வாடகையோடு கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணமும், ஆளுக்கு இத்தனை என்று சுற்றுலா வரியும் சேரும். அந்த வரி கட்டியவர்களுக்குப் பல ஊர்களில் விருந்தினர் அட்டை தருவார்கள். உள்ளூர்ப் பேருந்தில் இலவசம், சில இடங்களில் தள்ளுபடி என்று அது பயன்படும், கேட்டு வாங்குங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே ஊர் அமைதி காக்கும். குப்பையைக் கண்ட பையில் போட முடியாது, வரி செலுத்திய பையில்தான். வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கும் தாளை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டால் உறவு சுமுகமாக இருக்கும்.

இனி நம் சமையல். அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தகடு, சில வீடுகளில் இன்டக்‌ஷன். அலுமினியக் குக்கரைச் சுமந்துபோனால் அது வேலை செய்யாமல் போகலாம். தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை காட்டும் கருவி கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடுவதால் அரிசி வேக நேரமெடுக்கும். பிளக் விஷயத்தில், மெல்லிய இரட்டை முள் போன் சார்ஜர் அங்கே நுழையும், நம்மூர்த் தடித்த மூன்று முள் நுழையாது. அடாப்டர் வேண்டும்.

எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது? இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து இறைச்சி, பால், முட்டை சார்ந்த எதையும் கொண்டுவரத் தடை. ஆக நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை, காய்கறிக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், ரசப்பொடி தாராளமாகப் போகலாம். ஏதாவது விட்டுப்போனாலும் கவலை வேண்டாம். 1980-களில் தொடங்கிய இலங்கைத் தமிழர் வருகையால் சூரிச், பெர்ன் போன்ற நகரங்களில் தமிழ்க் கடைகள் நிறைய. முருங்கைக்காயும் இடியப்ப மாவும் அங்கேயே கிடைக்கும். அவர்களில் பலர் உணவக வேலையில்தான் தொடங்கினார்கள். அதனால் எங்கோ மலை ஹோட்டலின் சமையலறையிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெரிய கடைகள் மிக்ரோஸ், கோப். ஞாயிறு மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். குடிநீருக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் ஊர் நடுவிலுள்ள நீரூற்றுத் தொட்டியும் குடிக்கத்தக்கவை. குடிக்கக் கூடாத இடத்தில் ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருப்பார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குருயேர், எமென்டால் போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர் என்றால், பாலாடைக்கட்டியை உருக்கிப் பரிமாறும் ஃபொண்டு, ராக்லெட் இரண்டும் ஆகாது. ஃபொண்டுவில் வெள்ளை ஒயினும் சேரும். உருளைக்கிழங்கைச் சீவி வறுக்கும் ரோஸ்டி நல்ல தேர்வு; ‘ஓனே ஸ்பெக்’ என்று சொல்லிவிடுங்கள், பன்றி இறைச்சித் துண்டு இல்லாமல் தருவார்கள்.

ஐந்தாம் படி: சாலையில்

ஊருக்குள் 50, வெளியே 80, மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான விரைவுச்சாலையில் 100, மோட்டார்வேயில் 120 கி.மீ. ஊருக்குள் மணிக்கு ஐந்து கி.மீ. வரை கூடினாலே 40 ஃபிராங்க்; ஆறு முதல் பத்து வரை கூடினால் 120; பதினொன்று முதல் பதினைந்து வரை 250. அதற்கும் மேல் போனால் வழக்குதான். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வேகக் கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியோ செயலியோ அங்கே சட்டவிரோதம். போனில் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

நம் ஆட்களுக்குப் புதிதாக இருப்பது வலப்பக்க முன்னுரிமை. கிராமச் சந்திப்பில் எந்தப் பலகையும் இல்லையென்றால், வலப்பக்கச் சின்னச் சந்திலிருந்து வருகிற டிராக்டருக்குத்தான் வழி. நாம் பெரிய சாலையில் வருகிறோமே என்ற எண்ணம் செல்லாது. ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை. பாதசாரிகள் கடக்கும் வரிக்கோட்டில் யாராவது காலெடுத்து வைக்கக் காத்திருந்தாலே நிறுத்தியாக வேண்டும்.

பார்க்கிங்கை நிறம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். வெள்ளைக் கோட்டுக்குள் பெரும்பாலும் காசு. மஞ்சள் தனியாருக்கு, தொடாதீர்கள். நீலம் இலவசம், பகலில் ஒரு மணி நேரத்துக்கு. அதற்குக் கண்ணாடிக்குள் நீல அட்டைக் கடிகாரம் வைக்க வேண்டும். முள்ளை வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக் கோட்டில் வைப்பதுதான் முறை. 10:10-க்கு வந்தால் 10:30-ல் வைத்து 11:30 வரை நிற்கலாம். அந்த அட்டை காரிலேயே இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

மலைச்சாலைக்கு வருவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறைச் சாலையையும் ஓட்டியவருக்கு வளைவு ஒன்றும் பயமில்லை. ஹாரனை மட்டும் மறக்க வேண்டும். எதிரே வருவது தெரியாத குறுகிய வளைவில் ஒரு தடவை, அவ்வளவுதான். குறுகிய சரிவில் ஏறுகிறவருக்கு வழி, இறங்குகிறவர் பின்னே எடுக்க வேண்டும். ஒதுங்கும் இடம் ஏறுகிறவருக்கு மிக அருகில் இருந்தால் அவர் எடுப்பார்.

நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அது மலை அஞ்சல் சாலை. அங்கே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துதான் ராஜா. அதன் ஓட்டுநர் ‘பின்னே போ’ என்று கை காட்டினால் சட்டப்படி போக வேண்டும். வளைவுக்கு முன் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் அடிப்பார். ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. அது காதில் விழுந்ததும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிவிடுங்கள். பிள்ளைகள் ஒரே நாளில் அதைப் பாடப் பழகிவிடுவார்கள்.

இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், கீழ் கியரில் இன்ஜின் பிடியில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் அதற்கு வசதி உண்டு. வாந்தி வரும் பிள்ளைக்கு வளைவு தொடங்கும் முன் போனைப் பிடுங்கி வைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கனமாகச் சாப்பிட வேண்டாம், கையில் இஞ்சி மரப்பா இருக்கட்டும், காகிதப் பையும்தான்.

அவசர எண்கள்: பொது 112, காவல் 117, ஆம்புலன்ஸ் 144, ரேகா மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414.

ஆறாம் படி: பிரியன்ஸ் பக்கம் ஐந்து இரவு

சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசர்ன் வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரவு முழுக்க விமானத்தில் கண் விழித்தவர் உடனே ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. முதல் இரவைச் சூரிச்சிலேயே கழிப்பது நல்லது. அப்படித் தங்கினால் 1898-லிருந்து நடக்கும் ஹில்டல் சைவ உணவகத்தில் சாப்பிடலாம். புரூனிக் ஏறும் வழியில் லுங்கர்ன் ஏரிக் காட்சிமுனையில் நிறுத்துங்கள்.

வீடு எங்கே? இன்டர்லாக்கனை எல்லோரும் சொல்வார்கள். நான் பிரியன்ஸ் அல்லது மைரிங்கன் என்பேன். விலையும் நெரிசலும் குறைவு, கணவாய்களுக்கும் பக்கம். பனியாறு அரைத்த பாறைத்தூள் ஆரே ஆற்றில் கலந்து வருவதால் பிரியன்ஸ் ஏரிக்கு அந்தப் பச்சை கலந்த நீலம். ஊரில் மரச்சிற்பப் பள்ளி இருக்கிறது, தெருவெல்லாம் மரக் கரடிகள். ரோட்ஹார்ன் மலைக்கு 1892-ல் திறந்த நீராவிப் பல்சக்கர ரயிலும் இங்கிருந்துதான். ஊட்டி ரயிலின் நடுப்பல் தண்டவாள முறையும் ஒரு சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்ததுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே பால்லன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம். நாட்டின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அப்படியே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ரொட்டி சுடுவது, கூடை முடைவது எல்லாம் நேரில் நடக்கும். 1978-ல் திறந்தது, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். மழை நாளில் ஒரு பகலை இங்கே கொடுக்கலாம். மைரிங்கனை ஒட்டிய ஆரே பள்ளத்தில் 1.4 கி.மீ. நீளத்துக்குப் பாறைச்சுவரை ஒட்டியே நடைபாதை, வயதானவர்களும் நடக்கலாம்.

ஏரியின் தென்கரையில் இசெல்ட்வால்ட் என்ற குட்டி ஊர். ஒரு கொரியத் தொடரில் அதன் படகுத்துறை வந்துவிட்டது. அதன் பிறகு கூட்டம் தாங்காமல் துறைக்கு வாயில் வைத்து 5 ஃபிராங்க் வாங்குகிறார்கள். கரையில் நின்றே பார்த்தால் காசில்லை, காட்சியும் அதேதான்.

லவுட்டர்ப்ரூனனுக்கு ஒரு முழு நாள். 72 அருவிகள் உள்ள பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள். ஊருக்குள்ளேயே விழும் ஸ்டவ்பாக் 297 மீட்டர். கோடையில் காலை ஒன்பதுக்கு முன் காரை ரயில் நிலையப் பார்க்கிங் கட்டடத்தில் விட்டுவிடுங்கள். ட்ரூமல்பாக் அருவி மலையின் வயிற்றுக்குள் விழுவது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரா சிகரங்களிலுள்ள பனியாறுகளின் தண்ணீர் நொடிக்கு 20,000 லிட்டர் வரை அதில் இறங்கும். உள்ளே லிஃப்ட் உண்டு, ஆனால் படிகள் ஈரம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடமாட்டார்கள், அதனால் பெரியவர்கள் மாற்றி மாற்றிப் போக வேண்டியிருக்கும். பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள ஷ்டெகல்பெர்கிலிருந்து கேபிள் காரில் மூரன் போங்கள். அங்கிருந்து கிம்மல்வால்டுக்கு இறங்கி நடப்பது எளிது. வழியில் ஆளில்லாத கடைகள் தென்படும். பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போடுவது வழக்கம், சில்லறை வைத்திருங்கள்.

யுங்ஃப்ராயோஹ் போகலாமா? 3,454 மீட்டரில் ரயில் நிலையம், 1912-ல் திறந்தது, பொறியியல் சாதனைதான். முழுக் கட்டணம் ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல். மேகம் மூடினால் பனிச்சுவரையும் நினைவுப்பொருள் கடையையும் பார்த்துத் திரும்ப வேண்டும். பாட்டி தாத்தாவுக்கும் கைக்குழந்தைக்கும் அந்த உயரம் மூச்சு வாங்கும். என் கணக்கில் அந்தப் பணத்தில் மூரனும், பிறகு கோம்ஸில் வரப்போகும் எக்கிஸ்ஹார்ன் மலையும் பார்க்கலாம். போயே தீர வேண்டும் என்றால் காலையில் நேரலைக் கேமராவில் மேலே வானம் திறந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு டிக்கெட் வாங்குங்கள்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. காரில்தானே போகிறோம் என்று சுவிஸ் அரைக்கட்டண அட்டையை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மலை ரயில், கேபிள் கார், ஏரிக் கப்பலில் பாதிக் கட்டணம். அதோடு இலவசக் குடும்ப அட்டையும் வாங்கினால், பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் கட்டணமே இல்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு மூன்று மலையேற்றத்திலேயே அட்டைக் காசு திரும்பிவிடும்.

நடைபாதைப் பலகைகளின் நிறமும் முக்கியம். முழு மஞ்சள் என்றால் எல்லோருக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, உறுதியான ஷூவும் பழக்கமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கில்லை. மேய்ச்சல் வெளியில் கன்றோடு நிற்கும் பசுவின் பக்கம் பிள்ளையைப் படமெடுக்க அனுப்பாதீர்கள். நம்மூர்ப் பசு மாதிரி சாது என்று நினைக்க வேண்டாம், கன்றைக் காக்கப் பாய்ந்துவிடும்.

ஏழாம் படி: மூன்று கணவாய்ச் சுற்று

காருக்காகவே அமைந்த நாள் இது. இன்னர்ட்கிர்ஹனில் தொடங்கி சூஸ்டன், ஃபுர்கா, கிரிம்சல் என்று ஏறி இறங்கி அதே ஊரில் முடியும் வட்டம். சுமார் 120 கி.மீ., ஓட்டம் மட்டும் மூன்று மணி நேரம், நிறுத்தங்களோடு ஒரு முழுப் பகல். வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் சீறும்; செவ்வாய் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கிளம்புங்கள். டேங்க் நிறைந்திருக்கட்டும், ஸ்வெட்டர் கைக்கு எட்டட்டும். கீழே 25 டிகிரி இருக்கும் நாளில் மேலே 10 கூட இருக்காது. முந்தின இரவும் காலையும் கணவாய் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். நேவிகேஷன் சுரங்கத்துக்கோ குறுக்குவழிக்கோ இழுக்கும் என்பதால் ஒவ்வொரு கணவாயின் உச்சியையும் இடைநிறுத்தமாகப் போட்டுவிடுங்கள்.

சூஸ்டன் சாலை 1946-ல் திறந்தது. கோவேறு கழுதைப் பாதையை அகலப்படுத்தியதல்ல, மோட்டார் வண்டிக்கென்றே திட்டமிட்டுப் போட்டது, வளைவுகள் விசாலம். புதிதாக ஓட்டுபவர் கை பழக ஏற்றது என்பதால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். உச்சிக்கு முன்பே ஷ்டைன் பனியாறு எதிரே தெரியும்.

இறங்கினால் வாசன். 1882-ல் திறந்த கோத்தார்ட் ரயில் பாதை இந்த ஊரைச் சுருள் சுரங்கங்களால் சுற்றி ஏறுகிறது. ரயிலில் போகிறவருக்கு ஊர்க் கோயிலான வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை, மூன்று உயரத்தில் தெரியும். நாம் தேவாலயத் திடலில் நின்று ஒரே ரயில் மூன்று தளத்தில் போவதைப் பார்க்கலாம்.

அடுத்து ஷோலனன் பள்ளத்தில் பிசாசுப் பாலம். ஆற்றைக் கடக்க முடியாத ஊரார், முதலில் கடக்கும் உயிரைத் தருகிறோம் என்று பிசாசைக் கொண்டு பாலம் கட்டினார்களாம். கட்டி முடித்ததும் ஓர் ஆட்டை ஓட்டிவிட்டார்கள். ஏமாந்த பிசாசு பாலத்தை உடைக்கப் பாறையைத் தூக்கி வர, ஒரு கிழவி அதில் சிலுவை போட்டுவிட்டாள். அந்தப் பாறை இன்னும் கோஷனன் அருகே கிடக்கிறது. மோட்டார்வே போட வழியில் நின்றபோது அதை உடைக்காமல் காசு செலவழித்து நகர்த்தி வைத்தார்கள்.

ஆண்டர்மாட்டில் மதியச் சாப்பாட்டை முடித்து ஃபுர்கா ஏறுங்கள், 2,429 மீட்டர். இங்கேதான் சாலை குறுகும், தடுப்பு குறையும். பயந்தவர் ஜன்னலை விட்டு நடுவில் உட்காரட்டும். மறுபக்கம் ரோன் பனியாறு. கோடையில் உருகாமலிருக்க அதன் ஓரத்தை வெள்ளைப் போர்வையால் மூடுவார்கள். 1850 வாக்கில் இந்தப் பனியாறு கீழே கிளெட்ஷ் ஊர்வரை வந்து நின்றது. கிளெட்ஷில் காரை நிறுத்தி மேலே அண்ணாந்து பாருங்கள், எவ்வளவு தூரம் பின்வாங்கிவிட்டது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் புரியும். அங்கிருந்து ஏறும் கிரிம்சல் 2,164 மீட்டர். தென்பக்கம் விழும் மழை ரோனில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்கும், வடபக்கம் விழுவது ஆரே, ரைன் வழியாக வடகடலுக்கும் போகிறது.

எட்டாம் படி: கோம்ஸில் நான்கு இரவு

மறுபடி கிரிம்சல் ஏறி, இம்முறை பெட்டியோடு, கிளெட்ஷ் வழியாக ரோன் ஆற்றங்கரையில் இறங்கினால் கோம்ஸ். வெயிலில் கறுத்த லார்ச் மரவீடுகள், கொட்டிலைத் தாங்கும் கால்களின் மேல் எலி ஏறாமலிருக்க வட்டக் கல். சுற்றுலா இரைச்சல் இல்லை. ஃபீஷில் வீடு எடுங்கள். எர்னன் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மாலை சும்மா உட்காரலாம்.

ஃபீஷிலிருந்து கேபிள் காரில் எக்கிஸ்ஹார்ன் போனால் அலெட்ஷ் பனியாறு கண்ணெதிரே. சுமார் 20 கி.மீ., ஆல்ப்ஸிலேயே நீளமானது, 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எந்த மலையைப் பார்த்தும் ஆ என்று வாயைப் பிளக்காத என் வீட்டுப் பெரியவர்கள்கூட அங்கே பேச்சை நிறுத்தினார்கள்.

செர்மாட்டுக்கு டெஷ் வரைதான் கார். அங்கே நிறுத்திவிட்டு 12 நிமிட ரயில். 4,478 மீட்டர் மாட்டர்ஹார்னைக் காலையில் பார்ப்பதே நல்லது, மதியம் மேகம் கட்டிக்கொள்ளும். 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் ரயில் 3,089 மீட்டருக்கு ஏற்றிவிடும். ஊருக்குள் தங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

மலை அடைப்புப் பலகையை விளையாட்டாக எடுக்காதீர்கள். இதே வாலே மாநிலத்தில் 2025 மே 28 அன்று பிளாட்டன் என்ற கிராமத்தின் பெரும்பகுதியை, சரிந்துவந்த பனியாறும் பாறையும் மூடிவிட்டன. சுமார் 300 பேரையும் சில நாள் முன்பே வெளியேற்றியிருந்ததால்தான் ஊர் மக்கள் பிழைத்தார்கள். சாலை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது.

ஒன்பதாம் படி: திரும்புதல்

வாலே பக்கத்து ரயில் நிலையமான கோப்பன்ஸ்டைனில் காரை ரயிலில் ஏற்றுங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். இருட்டில் 15 நிமிடம், வெளியே வந்தால் காண்டர்ஸ்டெக். அங்கே ஓஷினன் ஏரிக்கு ஒரு கேபிள் கார் உண்டு, நேரம் இருந்தால் விடாதீர்கள்.

பெர்னில் ஐரோப்பாப்ளாட்ஸ் சதுக்கத்தில் 2014-ல் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ இருக்கிறது. ஒரே கட்டடத்தில் தேவாலயம், பள்ளிவாசல், புத்த விகாரை, கூடவே சைவநெறிக்கூடத்தின் ஞானலிங்கேச்சுரர் கோயில். வழிபாடு தமிழில். ஊர் திரும்பும் முன் பெரியவர்களுக்கு அதில் ஒரு மனநிறைவு, பிள்ளைகளுக்குக் கட்டடமே ஒரு பாடம்.

காரை ஒப்படைக்குமுன் டேங்கை நிரப்புங்கள். மோட்டார்வே பங்க்கைவிட ஊருக்குள் விலை குறைவு. நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், எரிபொருள் முள்ளும் தெரியப் படமெடுத்து, ஊழியர் பார்த்துக் கையெழுத்திட்ட தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேக அபராதம் ஏதாவது இருந்தால் அது பல வாரம் கழித்து, வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தோடு வந்து சேரும். அதுவரை அந்தக் கிரெடிட் கார்டின் கணக்கை அவ்வப்போது பார்த்து வையுங்கள்.